பார்க்கின்சன் நோய்க்குத் தீவிர பிசியோதெரபி: சென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

17 வருடமாக சென்னையில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு பிசியோதெரபி கொடுத்துவருகிறேன். கிளினிக்கிலும் சரி, வீடுகளுக்குப் போகும்போதும் சரி, ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நரம்பியல் மருத்துவரின் வேலை. நான் பேசப்போவது பயிற்சியைப் பற்றி மட்டும்.

அப்பாவுக்கு பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் பிசியோ எதற்கு?

நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவதுதான் இந்த நோய். டோபமைன் குறையக் குறைய உடலின் அசைவு மெதுவாகிறது, சிறுத்தும் போகிறது. சிண்டோபா போன்ற லெவோடோபா மாத்திரைகள் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. கை கால் விறைப்பும் மந்தமும் மாத்திரைக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் நிலை தடுமாறுவது, கூன் விழுவது, திரும்பும்போது கால் பின்னுவது எல்லாம் மாத்திரைக்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை. 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி முதலில் எழுதியபோதே, நோயாளி முன்பக்கம் சாய்வதையும் நடை தன்னை மீறி ஓட்டமாக மாறுவதையும் குறித்திருக்கிறார். இந்த இடத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து போக வேண்டும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு பிசியோ வருகிறார். அது போதாதா? ‘தீவிர’ பயிற்சி என்றால் என்ன?

அவர் வந்து என்ன செய்கிறார் என்று பாருங்கள். அப்பாவைப் படுக்கவைத்து, கையையும் காலையும் அவரே தூக்கித் தூக்கி இறக்கி, கொஞ்ச நேரம் கரண்ட் வைத்துவிட்டுப் போகிறார் என்றால், அப்பா அந்த அரை மணி நேரமும் ஓய்வில் இருந்தார் என்றுதான் பொருள். பக்கவாதத்துக்குச் செய்வதை அப்படியே இதற்கும் செய்கிறார்கள். பார்க்கின்சனில் சிக்கல் வேறு. தசையில் பலம் இருக்கிறது. எவ்வளவு பெரிதாக அசைய வேண்டும் என்று மூளை போடும் கணக்குதான் சுருங்கிப்போகிறது.

மேற்கு மாம்பலத்தில் ஒரு அம்மா. வயது 68. வருடா வருடம் மார்கழிக் கோலத்தை மகள் போனில் படம் எடுத்துவைத்திருந்தார். வரிசையாகக் காட்டினார். முதல் வருடத்துக் கோலம் வாசலை அடைத்துக்கொண்டு இருந்தது. மூன்றாம் வருடமும் அதே 15 புள்ளிதான், ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. ஆனால் முழுக் கோலமும் ஒரு தாம்பாளத்துக்குள் அடங்கிவிடும். “சின்னதாப் போடறீங்களாம்மா?” என்று கேட்டேன். “இல்லையே, எப்பவும் போடற மாதிரிதானே போடறேன்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு உள்ளே அப்படித்தான் தெரிந்தது. கையெழுத்து எறும்பு சைஸுக்குப் போவதும், குரல் இறங்குவதும், நடக்கும்போது வைக்கும் எட்டு குறுகுவதும் இதே கணக்குப் பிசகுதான்.

பயிற்சியில் அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: பெரிசா. கை வீசுவது பெரிசா, எட்டு வைப்பது பெரிசா, எழுந்திருப்பது பெரிசா. இரண்டாம் வாரம் வாசலில் சாக்பீஸால் சதுரம் போட்டு, அதை நிறைத்துக் கோலம் போடச் சொன்னேன். போட்டு முடித்து, “அசிங்கமா, பூதாகாரமா இருக்கு” என்று முகத்தைச் சுளித்தார். மகள் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே அளவு. அந்த அம்மா நெடுநேரம் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘மிகை’ என்று தோன்றுவதுதான் சரியான அளவு என்பதை உடம்பு பழகிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இத்தனை தடவை, இத்தனை அடர்த்தியாகச் செய்யவைக்கிறோம்.

இந்த வழியில் உலகம் முழுக்கத் தெரிந்த முறை எல்எஸ்விடி பிக் (LSVT BIG). வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு 1 மணி நேரம், 4 வாரம். ஆக 16 அமர்வு. அதுபோக வீட்டில் தினமும் பயிற்சி. இதன் முதல் வடிவம் குரலுக்காக அமெரிக்காவில் உருவானது. லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரைத்தான் அந்த முதல் இரண்டு எழுத்துகள் தாங்கியிருக்கின்றன. 2010இல் பெர்லினில் 58 பேரை வைத்து நடந்த ஆய்வில், இந்தப் பயிற்சி எடுத்தவர்களின் அசைவு மதிப்பெண் சராசரியாக 5 புள்ளி முன்னேறியது. இரண்டு கையிலும் கம்பு ஊன்றி நடக்கும் நார்டிக் நடையோ வீட்டுப் பயிற்சியோ செய்தவர்களுக்கு அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

வயதானவரை இவ்வளவு கஷ்டப்படுத்தலாமா? இதயம் தாங்குமா?

நியாயமான பயம். தொடங்கும் முன் இதய மருத்துவரிடம் ஒரு முறை காட்டி, ஈசிஜியும், தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனையும் முடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை, பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். உட்கார்ந்து எழும்போது கண் இருட்டினால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த நோயிலும் இதன் மருந்துகளிலும் எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது சகஜம். படுத்த நிலை, நின்ற நிலை இரண்டிலும் பிரஷர் பார்த்த பிறகுதான் நான் பயிற்சியைத் தொடங்குவேன்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கஷ்டப்படுத்தத்தான் வேண்டும். அமெரிக்காவில் 128 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஸ்பார்க்ஸ் ஆய்வு, இன்னும் மருந்தே தொடங்காத ஆரம்பக்கட்ட நோயாளிகளைப் பற்றியது. ஒரு பிரிவினர் வாரம் நான்கு நாள் என்ற திட்டத்தில், சராசரியாக மூன்று நாள் டிரெட்மில்லில், அதிகபட்ச இதயத் துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் வரை எட்டும்படி நடந்தார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கம்போல் இருந்தவர்களின் நோய் மதிப்பெண் சுமார் 3 புள்ளி மோசமாகியிருந்தது. வேகமாக நடந்தவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. நோய் குணமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஆற அமர நடப்பதற்கும் மூச்சு வாங்க நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல இது போதும்.

வீட்டில் அளவுகோல் எளிது. சும்மா உட்கார்ந்திருப்பது 0, இதற்கு மேல் முடியவே முடியாது என்பது 10 என்றால், பயிற்சி 7ஐத் தொட வேண்டும். பேச முடியும், பாட முடியாது. அதுதான் அளவு. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், இந்த அளவையே நம்புங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்தில் இல்லாத மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

படிக்கட்டில் மடமடவென்று ஏறுகிறார். சமதளத்தில் நாலு அடி வைக்க மாட்டேன் என்கிறார். நடிக்கிறாரோ?

இல்லை. தயவுசெய்து அவர் காதுபட இப்படிக் கேட்காதீர்கள். இந்தச் சந்தேகத்தால் பல வீடுகளில் மனம் விட்டுப்போயிருக்கிறது.

யோசிக்காமல் நடக்கும் நடையை மூளையின் ஒரு பகுதி தானாக ஓட்டுகிறது. பார்க்கின்சன் தாக்குவது அந்தத் தானியங்கி வழியைத்தான். படிக்கட்டில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும் கோடு. ‘இங்கே கால் வை’ என்று அது வெளியிலிருந்து சொல்கிறது. அதனால் மூளை வேறு பாதையில் வேலையை முடித்துவிடுகிறது. வழவழவென்ற டைல்ஸ் தரையில் அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் கால் நிற்கிறது. கோயிலில் உயரமான வாசற்படியை அழகாகத் தாண்டி உள்ளே போனவர், பிரகாரத்தில் திரும்பும் இடத்தில் உறைந்து நிற்பதும் இதனால்தான்.

கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும்போது நாங்கள் என்ன செய்யலாம்?

முதலில், இழுக்காதீர்கள். பெரம்பூரில் ஒரு வீடு. சமையலறை நிலைப்படிக்கு ஒரு முழம் முன்னால் ஐயா நின்றுவிட்டார், கையில் காபி டம்ளர். குதிகால் தூக்கியிருக்கிறது, முழங்கால் நடுங்குகிறது, பாதம் மட்டும் நகரவில்லை. மருமகள் “வாங்க மாமா, வாங்க” என்று முழங்கையைப் பிடித்து முன்னால் இழுக்கிறார். உடம்பு வந்துவிட்டது, கால் வரவில்லை. நான் குறுக்கே போய்த் தாங்கியிருக்காவிட்டால் அப்படியே முகம் குப்புற விழுந்திருப்பார்.

செய்ய வேண்டியது இது. நில்லுங்கள். ஒரு மூச்சு விடுங்கள். குதிகாலைத் தரையில் பதியுங்கள். எடையை இடக்காலுக்கும் வலக்காலுக்கும் மாற்றி மாற்றிச் சாயுங்கள். அப்புறம் ஒரு பெரிய எட்டு. கூட இருப்பவர் தன் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, “இதைத் தாண்டுங்க” என்று சொன்னாலும் பல சமயம் கால் கிளம்பிவிடும்.

அன்றைக்கே அந்த நிலைப்படிக்கு முன்னால், ஒரு எட்டுக்கு ஒன்றாக, மஞ்சள் இன்சுலேஷன் டேப்பை ஐந்து இடத்தில் குறுக்கே ஒட்டினேன். ஐயா கோட்டைப் பார்த்துக் கோட்டைத் தாண்டி உள்ளே போய், டம்ளரைத் தொட்டி மேடையில் வைத்தார். 12 ரூபாய் வேலை என்று மகன் சொன்னார். கட்டில் பக்கம், பாத்ரூம் வாசல், திரும்பும் மூலை என்று கால் நிற்கும் இடங்களைப் பார்த்து ஒட்டுங்கள். வீடு முழுக்க ஒட்டினால் அது கண்ணில் படாமல் போய்விடும்.

தாளமும் உதவும். ‘தகதிமி’ என்று நாலு எண்ணிக்கைக்கு நாலு அடி. வாய்விட்டுச் சொல்லலாம், போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைக்கலாம், பிடித்த பாட்டை ஓடவிடலாம். வேகத்தை அவருடைய சொந்த நடையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். துரத்தும் பாட்டு வேண்டாம். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், பஸ் வளைவதுபோல் அகலமாக வளைந்து திரும்பச் சொல்லுங்கள். காலிங் பெல் அடித்ததும், போன் மணி கேட்டதும் அவசரமாக எழுந்து போவதில்தான் நான் பார்த்த விழுதல்களில் பாதி நடந்திருக்கின்றன. கதவைத் திறக்க வேறு ஆள் போகட்டும். போன் அவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

பயிற்சியை எந்த நேரத்தில் வைத்துக்கொள்வது?

மாத்திரை வேலை செய்யும் நேரத்தில். லெவோடோபா பிடிக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். உடம்பு இளகி, கை சுலபமாக வரும் அந்த நேரத்தில் தீவிரப் பயிற்சியை வையுங்கள். ஒரு வாரம் ஒரு நோட்டில் மாத்திரை நேரம், உடம்பு நன்றாக இருந்த நேரம், இறுக ஆரம்பித்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான். உங்கள் டாக்டருக்கும் இது பெரிய உதவி.

மாத்திரையை உணவுக்கு அரை மணி நேரமாவது முன்னால் போடுவது நல்லது. பால், முட்டை, பருப்பு போன்ற புரதம் அதோடு போட்டி போட்டு, அது ரத்தத்தில் சேர்வதைக் குறைக்கும். காலையில் மாத்திரையை ஒரு டம்ளர் பாலில் விழுங்கிவிட்டு “மருந்து பிடிக்கவே மாட்டேங்குது” என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். தண்ணீரில் விழுங்குங்கள். சத்து மாத்திரையில் இரும்பு இருந்தால் அதையும் தள்ளிப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சென்னையில் எங்கே நடப்பது? நடைபாதையே சரியில்லையே.

உண்மைதான். உடைந்த சிலாப், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர், நிறுத்திய பைக் எல்லாம் இந்த நோயாளிக்குப் பொறி மாதிரி. நாகேஸ்வர ராவ் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா, செம்மொழிப் பூங்கா போன்ற இடங்களில் சமமான பாதை கிடைக்கும். மெரினாவில் மணலில் இறங்காமல், சிமென்ட் நடைபாதையில் நடங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். வியர்வையில் தண்ணீர் குறைந்தால் பிரஷர் இன்னும் இறங்கும். மழைக்காலத்தில் வீட்டு ஹாலிலேயே 40 நிமிடம் செய்ய முடியும், நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளும் ஓட்டலாம். நெதர்லாந்தில் 130 பேர் வீட்டிலேயே அந்த மாதிரி சைக்கிள் மிதித்த ஆய்வும் 2019இல் நல்ல பலனைக் காட்டியது.

குதிகால் வார் இல்லாத ரப்பர் செருப்பு வேண்டாம். கணுக்கால் வரை வழியும் வேட்டியும் நைட்டியும் வேண்டாம்.

ஒரு வருடமாகத் தோள்பட்டை வலிக்கு வைத்தியம் பார்த்தோம். கடைசியில் பார்க்கின்சன் என்கிறார்கள். இப்படி நடக்குமா?

நிறைய நடக்கிறது. ஒரு பக்கத் தோள் இறுகுவது இந்த நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. நடக்கும்போது அந்தக் கை வீசுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் துறையினர் தவறவிடக்கூடாத இடம் இது. தோள் வலியோடு வருகிறவரை நானும் பத்தடி நடக்கவிட்டுத்தான் படுக்கச் சொல்கிறேன்.

மூளைக்கு மின்தூண்டல் கொடுக்கும் டிபிஎஸ் கருவி வைத்திருக்கிறது. பிசியோ செய்யலாமா?

பயிற்சி தாராளமாகச் செய்யலாம். ஆனால் டயாதெர்மி என்ற சூடு வைக்கும் சிகிச்சை உடம்பின் எந்தப் பகுதியிலும் கூடவே கூடாது. அந்த ஆற்றல் கருவியின் கம்பி வழியாக மூளைக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். முழங்கால் வலிக்கு என்று தெருமுனை கிளினிக்குக்குப் போனாலும், உள்ளே நுழைந்ததும் கருவி இருப்பதைச் சொல்லுங்கள்.

பட்டன் போட, சாப்பிட ரொம்ப நேரம் ஆகிறது. நாங்களே செய்துவிடுகிறோம். தவறா?

அன்பினால் செய்வதுதான், தெரிகிறது. ஆனால் ஒரு நாளில் அவருக்குக் கிடைக்கும் அசைவுகளை ஒவ்வொன்றாக நாம் எடுத்துவிடுகிறோம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அன்று நீங்கள் போட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் அரை மணி முன்னாலேயே சட்டையைக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் முன் விரல்களை நன்றாக விரித்து மூடச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து தூக்கிவிடாமல், “முன்னால நகருங்க, காலைப் பின்னால இழுங்க, மூக்கு கால்விரலுக்கு நேரா வரட்டும், எழுங்க” என்று வாயால் சொல்லிக் கொடுங்கள். ஒரு சமயத்தில் ஒரே வேலை. நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். பேசிக்கொண்டே நடப்பதைப் பயிற்சியாளர் கூட இருக்கும்போது தனிப் பயிற்சியாகப் பழக்கிக்கொள்ளலாம்.

குரல் கேட்கவே மாட்டேன் என்கிறதே?

அதே ‘பெரிசா’ தத்துவம்தான், பேச்சுப் பயிற்சியாளரிடம். சாப்பிடும்போது புரையேறினால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

பூனைக்காலிப் பொடி சாப்பிட்டால் மாத்திரையை விட்டுவிடலாமா?

பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. அதனாலேயே மாத்திரையோடு தன் போக்கில் சேர்த்தால் அளவு கூடி, உடம்பு தானாக நெளிய ஆரம்பிக்கலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. இரண்டையும் டாக்டரிடம் சொல்லாமல் செய்யாதீர்கள்.

தனியாரில் 16 அமர்வுக்குக் கொடுக்கும் வசதி எங்களுக்கு இல்லை.

ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்கே கூட்டம் அதிகம், தினமும் ஒரு மணி நேரம் ஒருவருக்கே ஒதுக்குவது அவர்களுக்குச் சிரமம். நான் சொல்லும் வழி இது: வாரம் ஒரு நாள் அங்கே போய் பயிற்சியைச் சரிபார்த்து, அடுத்த கட்டத்தைக் கற்று வாருங்கள். மற்ற நாட்களில் அதையே வீட்டில் ஒரு மணி நேரம் செய்யுங்கள். முதல் நாள் பயிற்சியை அனுமதி கேட்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் ஒன்று. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

நாலு வாரம் முடிந்து நன்றாக நடக்கிறார். அப்புறம்?

நிறுத்தினால் சில மாதங்களில் நடை பழையபடி சுருங்கத் தொடங்கும். தினமும் அரை மணி நேரமாவது தொடர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பயிற்சியாளரிடம் திரும்ப வர வேண்டும். தனியாகச் செய்ய அலுப்பாக இருந்தால் ஒரே பேட்டையில் மூன்று நாலு பேர் சேருங்கள். மாடியிலோ பூங்காவிலோ ஒருவர் சத்தமாக எண்ண, மற்றவர்கள் செய்யலாம். குரலுக்கும் பயிற்சி ஆகிவிடும். தைச்சி என்ற சீன உடற்பயிற்சி மெதுவாகத் தெரிந்தாலும், 2012இல் 195 பேரிடம் நடந்த ஆய்வில் நிலைதடுமாற்றத்தையும் விழுதலையும் குறைத்திருக்கிறது.

அம்மா படுத்த படுக்கைதான். இனி என்ன பயன்?

இங்கே தீவிரம் என்ற சொல்லுக்கு வேறு அளவு. படுக்கையில் முழங்காலை மடக்கி, கையைக் கோர்த்து, தலையைத் திருப்பி, தானாக ஒருக்களிக்கக் கற்றுக்கொள்வது அவருக்குப் பெரிய பயிற்சி. இடுப்புக்குக் கீழே வழவழப்பான துணி ஒன்றை விரித்தால் புரள்வது சுலபமாகும். அது வந்துவிட்டால் இரவில் உங்களை நாலு முறை எழுப்புவது ஒரு முறையாகக் குறையலாம், படுக்கைப் புண்ணும் தவிரும். அடுத்தது கட்டில் ஓரத்தில் கால் தொங்கவிட்டு உட்காருவது. முதல் நாள் இரண்டு நிமிடம் போதும். முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு, காலைக் காபியை அங்கே வைத்துக் கொடுங்கள்.